பியர்டட் டிராகன் சோர்ந்து கிடக்கிறதா? சென்னையில் வளர்ப்பவர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சென்னையில் பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலியப் பல்லியை வளர்ப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: "தொட்டியில் வெப்ப பல்புக்கு அடியில் அது வெயில் காயும் கல் மேல் எத்தனை டிகிரி? எதிர் மூலையில் எத்தனை டிகிரி?" பலரிடமும் பதில் இருக்காது. இந்தப் பிராணி தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. செரிமானம், எலும்பு, நோய் எதிர்ப்பு என எல்லாமே அதற்குக் கிடைக்கும் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் நம்பித்தான் நடக்கின்றன. தொட்டி தவறாக இருக்கும்போது மருந்து கொடுத்துப் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நமக்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. தொட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதே அவர்கள் கவலை. பியர்டட் டிராகனின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி. அங்கே பகலில் கொளுத்தும், இரவில் குளிரும், காற்று வறண்டிருக்கும். சென்னையில் கொளுத்துவது மட்டும்தான் உண்டு. இரவு இறங்காது, காற்றில் எப்போதும் ஈரம். ஆகவே இங்கே நம் வேலை தொட்டியின் ஒரு முனையைக் குளிர்ச்சியாக வைப்பதும், மொத்தத் தொட்டியையும் உலர்வாக வைப்பதும்தான்.

முதலில் அளவெடுங்கள்

ரிச்சி தெருவுக்குப் போனால் தேவையான எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும்: மேற்பரப்பு வெப்பம் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, ஈரப்பதம் காட்டும் மீட்டர், பல்புக்கு ஒரு டிம்மர் அல்லது தெர்மோஸ்டாட். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்பாதீர்கள். அது ஒட்டிய இடத்தைத்தான் காட்டும், பிராணி படுக்கும் இடத்தை அல்ல. சமையலறையில் கிராம் காட்டும் தராசு இருந்தால் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். எடைக் குறிப்பு இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

இருக்க வேண்டிய அளவு இது. வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ். எதிர் முனை 25 முதல் 29. இரவில் 20க்கு மேல் இருந்தால் போதும், சென்னையில் இரவு ஹீட்டரே வேண்டாம். ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் நல்லது; நம் ஊரில் 55, 60க்குள் நிறுத்தினாலே பெரிய காரியம். வளர்ந்த பிராணிக்குத் தொட்டி நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கொளத்தூரில் வாங்கிய மீன் தொட்டியே ஆனாலும் மேலே முழுக்கக் கம்பி வலை மூடி இருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும். வெயில் காய ஒரு துண்டு கடப்பா கல் போதும். சூட்டை நன்றாக இழுத்து வைத்துக்கொள்ளும், நகத்தையும் தேய்க்கும், கழுவுவதும் சுலபம். கரண்டில் சூடாகும் செயற்கைக் கல் மட்டும் வேண்டாம். அடியிலிருந்து வரும் சூடு அளவு மீறினாலும் பியர்டட் டிராகன் எழுந்து நகராமல் வயிற்றைச் சுட்டுக்கொள்ளும்.

சாப்பிடவில்லை

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார்.

"அண்ணா, நாலு நாளா ஒண்ணுமே தொடல. வாயைத் திறந்து ஊட்டி விடலாமா?"

"வேண்டாம் தம்பி. முதல்ல கல்லு எவ்வளவு சூடு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"முப்பத்தி மூணு காட்டுது அண்ணா."

விஷயம் அவ்வளவுதான். கல்லுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துப் பல்புக்குக் கிட்டே உயர்த்தச் சொன்னேன். நாற்பதைத் தொட்டது. மறுநாள் மதியம் எழுந்து வந்து பூசணித் துருவலைத் தின்றிருக்கிறது. வயிற்றில் இருப்பதைச் செரிக்கச் சூடு இல்லாதபோது சாப்பிடாமல் இருப்பது அதன் புத்திசாலித்தனம். அந்த நிலையில் வலுக்கட்டாயமாக ஊட்டினால் உள்ளே போனது அழுகும்.

சூடு சரியாக இருந்தும் சாப்பிடவில்லை என்றால் அடுத்து யுவிபி டியூபைப் பாருங்கள். யுவிபி என்பது வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர், தொட்டிக்குள் அதைத் தருவது இந்த டியூப். டியூப் பளிச்சென்று எரியும், ஆனால் அதில் யுவிபி தீர்ந்திருக்கும். டி5 (T5) என்ற மெல்லிய வகை டியூபை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தோல் உரிக்கும் நாட்களிலும், புது வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரமும் தீனி குறைவது சகஜம். வளர்ந்த பிராணி மார்கழி, தை வாக்கில் மூலையில் சுருண்டு வாரக்கணக்கில் தூங்கலாம். இது குளிர்கால உறக்கம்; எடை பெரிதாகக் குறையாது, கண் குழி விழாது, எழுப்பினால் விழித்துப் பார்க்கும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, ஒரு வயது நிரம்பாத குட்டி இப்படித் தூங்கினாலோ உறக்கம் என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால், விரல் துடிக்கிறது. தாடை மெத்தென்று இருக்கிறது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். குட்டிகள் அதிகம் சாவது இதனால்தான், முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியதும் இதுதான்.

கையில் எடுத்து வைத்துக்கொண்டு பின்னங்கால் விரல்களைப் பாருங்கள். பிராணி அசையாமல் இருக்கும்போதே ஒரு விரல் மட்டும் தானாகச் சுண்டும், நிற்கும், மறுபடி சுண்டும். ஆரம்பம் இப்படித்தான் இருக்கும். அப்புறம் நடக்கும்போது வயிற்றைத் தூக்க முடியாமல் தரையோடு இழுக்கும், முன்னங்கை வீங்கினாற்போலத் தெரியும், கீழ்த்தாடை ரப்பர் மாதிரி வளையும். உடம்பில் கால்சியம் போதாமல் எலும்பிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். துடிப்பு தெரிந்த அன்றே மருத்துவரிடம் போங்கள். வளைந்த எலும்பு திரும்ப நேராகாது, ஆனால் மேற்கொண்டு கெடாமல் நிறுத்த முடியும்.

காரணம் இரண்டு. ஒன்று வெளிச்சம். தின்ற கால்சியம் உடம்பில் சேர டி3 வைட்டமின் வேண்டும், அதைத் தோலில் உண்டாக்க யுவிபி வேண்டும். "எங்க வீட்டு ஜன்னல்ல நல்லா வெயில் வருது" என்பார்கள். ஜன்னல் கண்ணாடி யுவிபியை வடிகட்டிவிடும், அந்த வெயிலில் சூடு மட்டும்தான் வரும். தொட்டியின் நீளத்தில் பாதிக்கு மேல் வரும் டி5 டியூப், யுவிபி 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டது, படுக்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு அடி உயரத்தில் வேண்டும். டியூபுக்கும் பிராணிக்கும் நடுவில் வலை இருந்தால் யுவிபியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கேயே நின்றுவிடும். அப்போது இன்னும் கிட்டே கொண்டுவர வேண்டும். சுருள் வடிவச் சின்ன பல்பு போதாது.

நமக்கு மொட்டை மாடி இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். காலை எட்டு மணி வாக்கில் கம்பிக் கூண்டில் வைத்து, பாதிக் கூண்டுக்கு நிழல் கொடுத்து, கால் மணி நேரம் நேரடி வெயில் காட்டினால் எந்த டியூபும் தராத பலன் கிடைக்கும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்கவே கூடாது, சில நிமிடங்களில் வெந்துவிடும். பக்கத்திலேயே நில்லுங்கள், காக்கையும் பருந்தும் பூனையும் காத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம் தீனி. கிரிக்கெட் பூச்சியிலும் மீல்வார்ம் புழுவிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. உடம்புக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு. அதனால் குட்டிக்குக் கொடுக்கும் பூச்சியை, வாரத்தில் பெரும்பாலான நாட்கள், கால்சியம் பவுடரில் புரட்டித்தான் போட வேண்டும். பூச்சிக்கும் ஒரு நாள் முன்னதாகவே நல்ல காய்கறி கொடுத்து வயிற்றை நிரப்புங்கள். கிடைத்தால் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு அருமையான தீனி, அதில் இயல்பாகவே கால்சியம் உண்டு. பட்டுப்புழுவும் நல்லது, ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பட்டு வளர்ப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் கீரை. கீரை என்றாலே நல்லது என்று நாம் வளர்ந்திருக்கிறோம். பாலக், முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. தினமும் பாலக் போட்டு வளர்த்த குட்டிக்குத்தான் கால் நடுங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். முருங்கைக் கீரையும் மல்பெரி இலையும் கொடுங்கள். செம்பருத்தி இலையையும் பூவையும் ஆசையாகத் தின்னும். மஞ்சள் பூசணியைப் பச்சையாகத் துருவிப் போடுங்கள், பீன்ஸைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். கடைக் கீரையை நன்றாக ஊறவைத்து அலசாமல் கொடுக்க வேண்டாம். வெங்காயம், பூண்டு, தக்காளி வேண்டாம், அவகாடோ விஷம். பழம் எப்போதாவது ஒரு சின்னத் துண்டு பப்பாளி.

குட்டிக்கு முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு இலை. வளர்ந்த பிறகு அப்படியே தலைகீழ்: இலை தினமும், பூச்சி வாரம் இரண்டு மூன்று முறை. வளர்ந்த பிராணிக்கு ஆசைக்குத் தினமும் சூப்பர்வார்ம் என்ற பெரிய புழுவைக் கொடுத்தால் ஈரலில் கொழுப்பு சேரும். பூச்சியின் அளவு அதன் இரண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. வெளியில் பிடித்த பூச்சி எதுவும் வேண்டாம். மாநகராட்சி கொசுப்புகை அடித்த தெருப் பூச்சியில் மருந்து இருக்கும். மின்மினியில் இருக்கும் நஞ்சு இதயத்தைத் தாக்கும். ஒன்றைத் தின்றாலே உயிர் போய்விடும்.

வாயைத் திறந்தபடி இருக்கிறது

பல்புக்கு அடியில், கல் மேல் உட்கார்ந்து வாயைத் திறந்திருந்தால் கவலை வேண்டாம். சூடு ஏறியது போதும் என்று வெப்பத்தை வெளியே விடுகிறது. குளிர்ந்த மூலையில் ஒடுங்கிக்கொண்டு வாயைத் திறந்திருந்தால், தொட்டியில் அது தப்பிக்க இடமே இல்லை என்று பொருள். சென்னையில் இதுதான் அதிகம். இங்கே அக்னி நட்சத்திரத்தில் அறைக்குள்ளேயே 36, 37 வரும். 2003 மே 31 அன்று இந்த நகரம் 45 டிகிரியைத் தொட்டிருக்கிறது. அந்த நாட்களில் வெப்ப பல்பு காலையில் மூன்று நான்கு மணி நேரம் எரிந்தால் போதும், அதுவும் டிம்மரில். யுவிபி டியூப் மட்டும் வழக்கம்போல் எரியட்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் தொட்டி இருந்தால் மாற்றுங்கள். வீட்டிலேயே கீழ்த்தளத்தில், தரைக்குக் கிட்ட வையுங்கள். ஏசி 27, 28இல் ஓடினால் நல்லது. தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் வேண்டாம், அது ஈரத்தைக் கூட்டும்.

உடம்பு துவண்டுவிட்டால் உடனே குளிர்ந்த அறைக்கு எடுத்துப் போய்ச் சாதாரணத் தண்ணீரில் காலையும் வயிற்றையும் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. தெளிந்தாலும் அன்றே மருத்துவர் பார்க்கட்டும்.

மூன்றாவது வகை: கழுத்தை மேலே நீட்டி, மூச்சு விடும்போது டிக் டிக் என்று சத்தம், மூக்கிலோ வாயிலோ கோழை. நுரையீரல் தொற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் 85, 90க்குப் போகும்போது அதிகம் வரும். ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, தண்ணீர்க் கிண்ணத்தைப் பல்பிலிருந்து தள்ளி வைப்பது, தண்ணீர் தெளிப்பதை நிறுத்துவது, ஏசியை டிரை மோடில் ஓட்டுவது.

தோலில் மஞ்சள், பழுப்புத் திட்டு

தோல் உரியும்போது வரும் சாம்பல் வெளிறல் வேறு, இது வேறு. செதில் மஞ்சளாகித் தடித்து, ஓரம் பொருக்குத் தட்டி, உரித்த பிறகும் அதே இடத்தில் இருந்து பரவினால் நன்னிஸியாப்சிஸ் என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தோலோடு நிற்காமல் தசைக்குள் இறங்கக்கூடியது, மற்ற டிராகனுக்கும் ஒட்டும். வீட்டில் இருக்கும் ஆயின்ட்மென்டைத் தடவிப் பார்த்து நாளை வீணாக்காதீர்கள். தனியே பிரித்து, தொட்டியில் பேப்பர் மட்டும் விரித்து, மருத்துவரிடம் தோல் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

சாதாரணத் தோல் உரிதலில் விரலிலும் வால் நுனியிலும் மட்டும் கவனம் வேண்டும். அங்கே பழைய தோல் வளையமாக இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். பிய்க்கக் கூடாது.

மலம் போகவில்லை, அல்லது தண்ணீராகப் போகிறது

மலத்தோடு வரும் வெள்ளைக் கட்டிதான் அதன் சிறுநீர். மிருதுவாக வெள்ளையாக இருந்தால் நல்லது. மஞ்சளாகச் சுண்ணாம்புக் கல் போல இருந்தால் தண்ணீர் போதவில்லை. இலையை ஈரத்தோடு கொடுங்கள்.

ஒரு வாரமாகப் போகவில்லை, வயிறு உப்பியிருக்கிறது என்றால் 33, 34 டிகிரி தண்ணீரில், தோள் மட்டத்துக்கு மேல் போகாமல், கால் மணி நேரம் உட்காரவைத்து வயிற்றை வாலை நோக்கி மெல்ல நீவுங்கள். பிறகு நன்றாகத் துடைத்துக் கல் மேல் விடுங்கள். பின்னங்கால் இழுபட்டாலோ வாந்தி எடுத்தாலோ வீட்டில் முயன்றுகொண்டிருக்க வேண்டாம். மணல் அடைத்திருக்கலாம், அல்லது பெரிய பூச்சி. கடையில் அழகுக்கு விற்கும் கால்சியம் மணலைக் குட்டியின் தொட்டியில் போடவே போடாதீர்கள். டைல்ஸ், பேப்பர் போதும்.

மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு தண்ணீராகப் போனால் பெரும்பாலும் குடல் ஒட்டுண்ணி. காக்சிடியாவும் ஊசிப் புழுவும் இவற்றில் சகஜம். மலத்தைப் பரிசோதிக்காமல் பூச்சி மருந்து கொடுப்பது ஆபத்து. தொட்டியைக் கழுவும் வேலையைச் சமையலறைத் தொட்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள். சால்மோனெல்லா கிருமி வெளியில் ஆரோக்கியமாகத் தெரியும் பிராணியிலும் இருக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தொட்டவுடன் கை கழுவுவது கட்டாயம்.

தாடி கறுக்கிறது, கண்ணாடியைப் பிறாண்டுகிறது

பெரும்பாலும் பயம், எரிச்சல். கண்ணாடியில் தன் பிம்பத்தையே எதிரியாகப் பார்க்கும். மூன்று பக்கமும் வெளியே சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். ஜோடியாக விற்கும் கடைக்காரர் பேச்சைக் கேட்டு இரண்டை ஒரே தொட்டியில் விட்டிருந்தால் இன்றே பிரித்து வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பது பாசம் அல்ல, வெயில் காயும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆதிக்கம். அடியில் இருப்பது மெல்ல மெல்லத் தேயும், வாலும் விரலும் கடிபடும். கையைச் சுற்றிச் சுற்றி ஆட்டுவது நோய் இல்லை, அது பணிந்துபோவதன் அடையாளம்.

பெண் பிராணி விடாமல் தோண்டினால் முட்டை. ஆண் இல்லாமலே முட்டையிடும். ஒரு பெரிய டப்பாவில் ஒரு சாண் ஆழத்துக்கு ஈர மணலும் மண்ணும் கலந்து கொடுங்கள். தோண்டுவதை நிறுத்தி, முட்டையும் வராமல், துவண்டு படுத்தால் முட்டை சிக்கியிருக்கிறது. அது அவசரம்.

நாள் கணக்கில் கரண்ட் இல்லை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் தீனியை நிறுத்துங்கள். சூடு இல்லாமல் செரிக்காது. ஆரோக்கியமான வளர்ந்த பிராணிக்குச் சில நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. தண்ணீர் கொடுங்கள், துணி விரித்த அட்டைப் பெட்டியில் உயரமான இடத்தில் வையுங்கள். கரண்ட் வந்து, பல்பு முழுசாக ஒரு நாள் எரிந்த பிறகு கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

நாய், பூனை பார்க்கும் எல்லா கிளினிக்கிலும் ஊர்வன பார்க்க மாட்டார்கள். கிளம்பும் முன் போனில் கேட்டுவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். அன்றைய மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் சூடாகாமல் பாருங்கள். தொட்டி முழுவதும் தெரிய ஒரு போட்டோ, இரண்டு முனை வெப்பநிலை, ஈரப்பதம், டியூப் வாங்கிய மாதம், என்ன தீனி, எடைக் குறிப்பு எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். காற்றோட்டத் துளை போட்ட டப்பாவில் துண்டு விரித்துக் கொண்டுபோங்கள். பைக்கில் போவதாக இருந்தால் வெயில் ஏறும் முன்பே கிளம்பிவிடுங்கள்.